இழிவு எங்கே இருக்கிறது?

பொழுது புலரும் முன்னரே புறப்பட்டுவிடுகிறது அந்த ஊர்வலம். பறை முழக்கம் இல்லை, பல்லக்கு இல்லை, பூமாரி இல்லை. துணியில் சுற்றிய உடலொன்று மலைச் சரிவில் சுமந்து செல்லப்படுகிறது. பாறை மேடை ஒன்றில் அதை இறக்கி வைக்கின்றனர். நறுமணக் கிளைகளைக் கொளுத்திப் புகை எழுப்புகின்றனர். புகை கண்டதும் வானிலே புள்ளிகள் தோன்றுகின்றன; புள்ளிகள் வட்டமிடுகின்றன; வட்டம் தாழ்கிறது. கத்தி ஏந்திய ஒருவர் உடலை அறுத்து வைக்கிறார். பிணந்தின்னிக் கழுகுகள் இறங்குகின்றன. தசை தீர்ந்த பின், எலும்பையும் கல்லால் நொறுக்கி, வறுத்த வாற்கோதுமை மாவிலே பிசைந்து, அதனையும் கழுகுகளுக்கே இடுகின்றனர். கதிரவன் மேலெழும்போது, பாறையின்மீது எஞ்சி நிற்பது ஏதுமில்லை!

இது கற்பனையன்று. திபெத்தில் பல நூற்றாண்டுகளாக நடந்து வருவது, இன்றும் நடப்பது. 1179-இல் நிறுவப்பட்ட திரிகுங் தில் மடத்தை அடுத்துள்ள மேடை இதற்குப் பெயர் பெற்ற இடம். 'வான் அடக்கம்' என்று பிறநாட்டார் இதனை அழைத்தனர். திபெத்தியர் இட்ட பெயர் வேறு. 'ஜாதோர்' என்பர் அவர்கள். 'பறவைகளுக்கு ஈகை' என்பது அதன் பொருள்.

"ஐயையோ! பெற்ற தாயைக் கழுகுக்குப் போடுவதா? இவர்களும் மனிதர்களா? காட்டுமிராண்டித்தனம்!" என்று முகம் சுளிப்பர் நம்மவரில் பலர். சுளிக்கட்டும். அருவருப்பு எழுவது இயல்பே. ஆயினும், பகுத்தறிவாளர் ஒரு கேள்வியை அங்கேயே எழுப்பியாக வேண்டும். அருவருப்பு ஒரு வாதமாகுமா? நம் முகம் சுளிப்பதனாலேயே பிறர் செயல் இழிவாகிவிடுமா? அப்படியானால், நம்மைக் கண்டு அவர்கள் முகம் சுளிக்கும்போது நாம் இழிந்தவராகி விடுவோமா?

சுளிக்கத்தான் செய்வர்! திபெத்தில் மண்ணிலே புதைப்பது பெருமைக்குரியதன்று. தொற்று நோயால் மாண்டவர், குற்றம் புரிந்தவர் ஆகியோருக்கே குழி தோண்டுவது அங்குள்ள பழைய வழக்கம். நாம் மரியாதையோடு செய்யும் ஒன்று, அவர்கள் கண்ணுக்குக் கடைசித் தண்டனையாகத் தெரிகிறது. யாருடைய அருவருப்பை அளவுகோலாகக் கொள்வது?

முதலில், அவர்கள் ஏன் அவ்வாறு செய்கின்றனர் என்று பார்ப்போம். உலகின் கூரை என்று சொல்லப்படும் உயர்ந்த பீடபூமி அது. பாறை நிலம், ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் மண். குழி தோண்டுவது எளிதன்று. எரிக்கலாம் என்றால் விறகுக்கு எங்கே போவது? மரம் அரிதான அந்த மேட்டு நிலத்தில், அடுப்பெரிக்கவே யாக் எருமைச் சாணத்தை உலர்த்தி வைக்கின்றனர் மக்கள். ஆகவே, விறகு வேண்டும் தகனம் பெரிய லாமாக்களுக்கு உரியதாயிற்று. எளிய மக்களுக்கு வானம் இருந்தது. வானத்திலே கழுகு இருந்தது. நிலம் தந்த நெருக்கடியிலே பிறந்தது வழக்கம்.

வழக்கம் வேரூன்றியதும், அதற்கு விளக்கம் தந்தது மதம். உயிர் நீங்கிய உடல் வெறும் கலம். அதனைக் கட்டி அழுது பயனில்லை. பசித்த உயிர்களுக்கு அது உணவாகட்டும் என்றனர் பௌத்தத் துறவிகள். பசியால் வாடிய புலிக்குப் போதிசத்துவர் தம் உடலையே ஈந்தார் என்ற கதையை எடுத்துக்காட்டினர். கதை கதைதான். என்றாலும், கதை சுட்டும் பண்பு கவனத்துக்குரியது: கொடுப்பதற்கு ஏதுமற்ற ஏழைக்கும் இறுதியில் கொடுக்க ஒன்று இருக்கிறது என்பதே அது.

இனி, திபெத்தை விட்டு மும்பைக்கு வருவோம். மலபார் குன்றின்மீது, மரங்கள் அடர்ந்த டூங்கர்வாடியிலே, பார்சி மக்களின் 'தக்மா'க்கள் நிற்கின்றன. கூரையற்ற வட்டக் கோபுரங்கள். முதற் கோபுரம் எழுந்தது 17-ஆம் நூற்றாண்டில். உள்ளே மூன்று வட்ட வரிசைகள்: வெளி வட்டம் ஆண்களுக்கு, நடு வட்டம் பெண்களுக்கு, உள் வட்டம் குழந்தைகளுக்கு. நடுவே ஒரு கிணறு. கழுகு தின்று, வெயில் உலர்த்தி, வெளுத்துப்போன எலும்புகள் யாவும் அந்த ஒரே கிணற்றில் சேரும். கோடீசுவரர் எலும்பும் கூலிக்காரர் எலும்பும் அங்கே கலந்துவிடும்; பளிங்குக் கல்லறை எழுப்பிப் பணக்காரர் பெருமை பேச வழியில்லை. இந்தச் சமத்துவத்தைப் பார்சிகள் பெருமையோடு குறிப்பிடுவது வழக்கம். அதில் நியாயமும் இருக்கிறது.

செயல் ஒன்றேதான்: கழுகுக்கு உடல். ஆனால் காரணமோ நேர்மாறு! ஜரதுஷ்டிரர் வழிவந்த பார்சி மதம் கூறுவது, உடல் வெறும் கலம் என்பதன்று. நிலம் தூயது, நீர் தூயது, நெருப்போ வணக்கத்துக்குரியது, பிணம் மட்டும் தீயது, தீய ஆற்றல் அதனுள் புகுந்துவிடுகிறது, ஆகவே தூய பொருள்களை அது தீண்டவே கூடாது—இது அவர்கள் கொள்கை. திபெத்தியர் 'ஈகை' என்று இடுகின்றனர். பார்சிகள் 'தீட்டு' என்று விலக்குகின்றனர். அங்கும் கழுகு, இங்கும் கழுகு. கழுகுக்கு இரண்டு வேதாந்தமும் தெரியாது!

இதிலிருந்து பெறும் பாடம் என்ன? ஒரு செயலின் பொருள் அந்தச் செயலுக்குள் புதைந்து கிடக்கவில்லை. மனிதர் அதன்மீது ஏற்றி வைப்பதே பொருள். இந்த உண்மையை இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் கண்டுகொண்டார். பாரசீக மன்னன் தாரியஸ், தன் அவையிலிருந்த கிரேக்கரை அழைத்து, "இறந்த தந்தையின் உடலைத் தின்ன எவ்வளவு பொருள் வேண்டும்?" என்று கேட்டானாம். எவ்வளவு தந்தாலும் இயலாது என்றனர், பிணத்தை எரிக்கும் வழக்கமுடைய கிரேக்கர். பின்னர், பெற்றோர் உடலை உண்ணும் வழக்கமுடையவர் என்று அவர் குறிப்பிடும் கல்லாத்தியர் என்ற இந்தியக் கூட்டத்தாரை அழைத்து, "தந்தையின் உடலை நெருப்பிலிட என்ன விலை?" என்றானாம். அவர்கள் அலறினராம், அப்படிப்பட்ட சொல்லையே வாயால் சொல்லாதீர் என்று! கல்லாத்தியர் உண்மையில் அப்படிச் செய்தனரா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவரவர்க்கு அவரவர் வழக்கமே அரசன் என்று முடிக்கிறார் ஆசிரியர். அந்த முடிவுதான் நமக்கு வேண்டியது.

கிரேக்கம் வரை போவானேன்? மணிமேகலைக் காப்பியத்தில், சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டைச் சாத்தனார் காட்டுகிறார். உடலைச் சுடுவோர், வெறுமனே இட்டுச் செல்வோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்போர், தாழியால் கவிப்போர் என ஐவகை மக்கள் ஒரே இடத்திற்கு வந்து போகின்றனர். ஐந்து வழக்கம்; ஒரே ஊர்; சண்டை இல்லை! திறந்த வெளியில் உடலை இட்டுச் செல்வதும் தமிழன் அறிந்த முறைதான். ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுக்கப்பட்ட முதுமக்கள் தாழிகளும் இதற்குத் துணைச் சான்று கூறுகின்றன. "இது ஒன்றே ஆதி முறை, அநாதி முறை, மாறாத முறை" என்று இன்று மார்தட்டுவோர், அந்தத் தாழிகளைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

சரி, எல்லா வழக்கமும் ஒன்றுதான், எதையும் குறைகூறக் கூடாது என்று சொல்லிவிடலாமா? கூடாது! அது சோம்பேறியின் முடிவு. வழக்கங்கள் பல என்பதனால் அவற்றை எடைபோடும் தராசே இல்லை என்றாகிவிடாது. அருவருப்பு தராசாகாது, பழைமை தராசாகாது, ஏட்டிலே எழுதியிருக்கிறது என்பதும் தராசாகாது. அவற்றை நீக்கிய பின், எது தராசு? அதைத்தான் நாம் தேட வேண்டும்.

"பிணம் ஒரு பொருட்டே அன்று, வீசி எறியுங்கள்" என்றார் கிரேக்கத்துத் துறவி டயோஜனீஸ். "விலங்குகள் தின்றுவிடுமே" என்றனர் நண்பர். "அப்படியானால் பக்கத்தில் ஒரு தடி வையுங்கள், விரட்டிக்கொள்கிறேன்" என்றாராம். "உணர்வற்ற நீர் எப்படி விரட்டுவீர்?" என்று அவர்கள் கேட்க, "உணர்வே இல்லையென்றால் விலங்கு தின்பதால் எனக்கு என்ன கேடு?" என்று மடக்கினாராம். பகுத்தறிவாளரின் உள்ளத்தைக் கவரும் பதில்! ஆயினும், ஒன்றை மறந்துவிடலாகாது. டயோஜனீஸ் பேசியது தம் உடலைப் பற்றி. குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் சென்று, "உணர்வற்றது அம்மா, வீசிவிடு" என்று கூறுவது பகுத்தறிவு ஆகாது, கல்நெஞ்சம் ஆகும். அந்தத் தாய் தழுவி நிற்பது வெறும் தசையை அன்று; தன் வாழ்வின் ஒரு பகுதியை. கண்ணீரில் மூடநம்பிக்கை இல்லை. கண்ணீரைக் காசாக்கும் கூட்டத்திடம்தான் இருக்கிறது மூடநம்பிக்கை வாணிபம்.

ஆக, பிணம் எதையும் உணராது, உணர்பவர் உயிரோடிருப்பவர். நம் கடமை முழுவதும் அவர்களை நோக்கியது. இறந்தவருக்கும் ஒரு கடமை உண்டு. அது, உயிரோடிருந்தபோது அவர் சொல்லிச் சென்ற சொல்லுக்கு நாம் செலுத்தும் மதிப்பு. இங்கேதான் தராசின் முதல் தட்டு கிடைக்கிறது: இசைவு.

இங்கிலாந்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 1752-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், கொலைக் குற்றவாளியைத் தூக்கிலிட்ட பின் அவன் உடலை அறுத்து ஆராயக் கொடுக்க வழிவகுத்தது. மரணம் போதாது, மரணத்துக்குப் பின்னும் இழிவு வேண்டும் என்பது நோக்கம். 1832-இல் வேறொரு சட்டம் வந்தது. அதன்படி, உரிமை கோருவார் இல்லாத உடல்கள் மருத்துவப் பள்ளிகளுக்குச் சென்றன. யாருடைய உடல்கள் அவை? பெரும்பாலும் ஏழையர் விடுதிகளில் மாண்ட ஏழைகளின் உடல்கள்! கொலைக்கு விதித்திருந்த தண்டனையை வறுமைக்கு மாற்றி விதித்தனர். அதே 1832-ஆம் ஆண்டில், தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாம் மறைந்தார். தம் உடலை அறுத்து ஆராய்ந்து மாணவர்க்குப் பாடம் நடத்துக என்று உயிலிலே எழுதி வைத்திருந்தார் அவர். நண்பரான மருத்துவர் அவ்வாறே செய்தார். அதே கத்தி, அதே மேசை. கொலைகாரனுக்கு அது தண்டனை. ஏழைக்கு அது கொடுமை. பெந்தாமுக்கோ அது கொடை! வேறுபாடு கத்தியில் இல்லை. கேட்டுப் பெற்றார்களா, கேளாமலே பறித்தார்களா என்பதிலே இருக்கிறது.

தராசின் இரண்டாவது தட்டு, வாழ்வோர் நலம். எந்த வழக்கமும் ஒரு சூழலிலே பிறக்கிறது; சூழல் மாறும்போது வழக்கமும் மாறியாக வேண்டும். மும்பையில் என்ன நடந்தது? 1990-களில் கழுகுகள் மறையத் தொடங்கின. நாடு முழுவதும் மறைந்தன. வெண்முதுகுப் பாறு எனப்படும் இனம், 1992-க்கும் 2007-க்கும் இடையே, ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று என்னும் அளவுக்குச் சுருங்கிற்று. சாபமா? கலியுகமா? இல்லை, டைக்ளோஃபெனாக்! மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த மருந்து அது. மருந்து உடலில் தங்கிய மாடு செத்ததும், அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. 2004-இல் விஞ்ஞானிகள் இதனைக் கண்டுபிடித்தனர்; 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. குற்றவாளியைப் பிடித்தது வேண்டுதலன்று, ஆய்வுக்கூடம்!

கழுகு போயிற்று, கோபுரம் நின்றது, உடல்கள் கிடந்தன. கதிரவன் ஒளியைக் குவிக்கும் கருவிகளை நிறுவினர். வெயில் காலத்தில் ஓரளவு பயன். மழைக்காலத்தில் என் செய்வது? பார்சி சமூகத்துக்குள்ளேயே பெரும் வாதம் மூண்டது. "கழுகு இல்லாத தக்மாவில் மதம் சொன்னது நிறைவேறுகிறதா?" என்று கேட்டனர் சீர்திருத்தக்காரர். "எது வந்தாலும் முறை மாறாது" என்றனர் பழைமை விரும்பிகள். ஈரானில், அந்த மதம் பிறந்த மண்ணிலேயே, 1970-களுக்குள் தக்மா வழக்கம் கைவிடப்பட்டு அடக்கம் செய்யும் முறை வந்துவிட்டது. மும்பையிலும் 2015-இல், எரியூட்டலைத் தேர்ந்தெடுக்கும் பார்சிகளுக்கென ஒர்லி மயானத்தில் வழிபாட்டுக் கூடம் திறக்கப்பட்டது. 2024 அக்டோபரில் மறைந்த தொழிலதிபர் ரத்தன் டாட்டாவின் உடல், அதே ஒர்லியில்தான் எரியூட்டப்பட்டது. கொரோனா காலத்தில் எழுந்த வழக்கிலோ, 2022-இல், தொற்றுக்குத் தக்க காப்புகளோடு தக்மா முறையைக் கையாளும் ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது. மாற விரும்புவோர் மாறினர். மாற விரும்பாதோர் பிறர்க்குக் கேடின்றிக் கடைப்பிடிக்க வழி காணப்பட்டது. இதுவே அறிவுடைமை.

ஆனால், வாழ்வோர் நலம் என்பது நோய் பரவாமை மட்டுமன்று. வேற்று மதத்தவரை மணந்த பார்சிப் பெண்ணொருவர், தம் பெற்றோர் இறந்தால் இறுதிச் சடங்கிலே கலந்துகொள்ளும் உரிமை வேண்டி நீதிமன்றம் ஏறினார். 2012-இல் குஜராத் உயர்நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2017 டிசம்பரில், உச்ச நீதிமன்றத்தில்தான், வல்சாடு நகரத்துப் பார்சி அமைப்பு அவரை அனுமதிக்க இசைந்தது. மணம் புரிந்ததனால் மகள் மகள் அல்லள் ஆகிவிடுவாளா? கழுகு தாயின் உடலைத் தொடலாம். மகள் அருகே நிற்கலாகாதா? உடலைக் கழுகுக்கு இடுவதில் நாம் இழிவு காணவில்லை. மகளை வாயிலில் நிறுத்துவதிலே காண்கிறோம்.

மூன்றாவது தட்டுக்கு வருவோம். இதுதான் கனமானது. அந்த உடலைத் தூக்குபவர் யார்? அறுப்பவர் யார்? அவரை அந்தச் சமுதாயம் எப்படி நடத்துகிறது?

திபெத்திலே உடலை அறுப்பவருக்கு 'ரோக்யாபா' என்று பெயர். ஈகை என்று புகழ்கின்றனர் அந்தச் செயலை. ஆனால் அந்த ஈகையைத் தன் கையால் நிறைவேற்றியவரை, பழைய திபெத்தியச் சமுதாயம் கடைப்படியிலே வைத்தது. ஊரின் விளிம்பிலே ஒதுக்கியது. எல்லா உயிரும் ஒன்று என்று ஓதிய மடத்தின் கண்ணுக்கு, அந்த ஓர் உயிர் மட்டும் தென்படவில்லை! கழுகு தின்ன மறுத்தால் இறந்தவர் பாவி என்று குறி பார்க்கும் மூடநம்பிக்கையும் அங்கே உண்டு. இருளிலே இரண்டு இருள்.

மும்பையிலோ, தக்மாவுக்குள் உடலைக் கொண்டு செல்வோர் 'நஸ்ஸேசாலர்'. பிணத்தின் தீட்டு அவர்மீது ஒட்டிக்கொண்டதாம். ஆகவே பிறரோடு சேர்ந்து உண்ணலாகாது, நெருங்கிப் பழகலாகாது என்று தலைமுறை தலைமுறையாக அவர்கள் ஒதுக்கப்பட்டனர். படித்தவர் மிகுந்த, செல்வம் மிகுந்த, நாட்டுக்கு நற்பணி பல ஆற்றிய சமூகம் அது. அங்கேயும் இந்த நிலை! சைரஸ் மிஸ்திரி 2012-இல் வெளியிட்ட நாவல், பிணம் தூக்கும் இம்மக்களின் வாழ்வைத்தான் பேசுகிறது. எலும்புகளிடையே சமத்துவம் கண்ட கோபுரத்தின் வாயிலிலே, உயிருள்ள மனிதருக்குள் தீண்டாமை.

அவர்களைப் பார்த்து நாம் நகைக்கலாமா? நகைக்கும் தகுதி நமக்கு உண்டா? நம் ஊர்ச் சுடுகாட்டிலே குழி தோண்டுபவர், சிதை அடுக்குபவர், இரவெல்லாம் நெருப்பைக் காப்பவர் எந்தச் சேரியிலிருந்து வருகிறார்? அவரை 'வெட்டியான்' என்று எவ்வளவு இளக்காரமாக அழைக்கிறோம்! தந்தை உடலுக்கு அவர் கை வேண்டும். தாகத்துக்கு அவர் கையால் தண்ணீர் வேண்டாம். தன் உற்றாரே அஞ்சி விலகும் உடலை, முன்பின் அறியாத மனிதர் ஒருவர் கடைசிவரை காக்கிறார். அதைவிடப் பெரிய தொண்டு எது? அந்தத் தொண்டுக்கு நாம் தந்த விருது, தீட்டு!

பணி செய்பவருக்கு மட்டுமா? பிணத்துக்கும் சாதி வைத்தோம் நாம். 2019 ஆகஸ்டில், அன்றைய வேலூர் மாவட்டத்தில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரின் உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்ல நிலத்தின் வழியே பாதை கிடைக்கவில்லை. பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து, கயிறு கட்டி, அந்த உடலைக் கீழே இறக்கினர் உறவினர். நாடே அந்தக் காட்சியைக் கண்டது; சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. தோழர்களே! திபெத்தின் பாறையிலே கழுகு வட்டமிடும் காட்சியையும், பாலத்திலே கயிற்றில் தொங்கிய உடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காட்டுமிராண்டித்தனம் எது? கழுகு தின்றது பசியால். பாதையை மறித்தது எதனால்?

இழிவு எங்கே இருக்கிறது என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. எரிப்பதில் இல்லை, புதைப்பதில் இல்லை, பறவைக்கு இடுவதிலும் இல்லை. இசைவின்றிப் பறிப்பதில் இருக்கிறது. இறந்தவர் பெயரால் இருப்பவரை வதைப்பதில் இருக்கிறது. உடலைத் தொட்ட கையைத் தீண்டாமல் ஒதுக்குவதில் இருக்கிறது. இந்த மூன்றும் இல்லாத முறை, எம்முறையாயினும், மதிக்கத்தக்கதே. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும், அது எத்தனை மந்திரத்தால் பூசப்பட்டிருந்தாலும், மாற்றத்தக்கதே.

திபெத்தியரிடமிருந்து நாம் கற்க ஒன்றுமே இல்லையா? உண்டு. பாறையும் வேண்டாம், குறி பார்த்தலும் வேண்டாம். 'ஈகை' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே இறந்தவர் உடல் பசித்த பறவையின் வயிற்றுக்குப் போகிறது. இங்கேயோ, இறந்தவர் விட்டுச்சென்ற பொருள், பசுதானம் என்றும் பிண்டம் என்றும் பதினாறாம் நாள் என்றும், பசியே இல்லாத புரோகிதர் வீட்டுக்குப் போகிறது. கடன் வாங்கிக் கருமாதி செய்த குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! எது ஈகை?

கழுகுக்கு ஈவதைவிடச் சிறந்த ஈகை இன்று நம் கைக்கு எட்டியிருக்கிறது. இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தால், ஒருவரின் கருவிழிகள் இருவருக்குப் பார்வை தரும். மூளைச் சாவு அடைந்தவரின் சிறுநீரகமும் ஈரலும் இதயமும் பலருக்கு வாழ்வு தரும். முழு உடலும் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றால், நாளைய மருத்துவர் நூற்றுக்கணக்கான உயிரைக் காக்கக் கற்றுக்கொள்ளும் முதல் ஏடாக அது விளங்கும். 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தர், சாத்திரத் தடையையும் சாதித் தடையையும் மீறிப் பிணத்தை அறுத்துப் பாடம் தொடங்கி வைத்தார். அந்தக் கத்தி அன்று தயங்கியிருந்தால், இன்று நம் ஊர் மருத்துவமனையில் அறுவை மேசை ஏது? மேற்கு வங்கத்தை நீண்ட காலம் ஆண்ட ஜோதிபாசு 2010-இல் மறைந்தபோது, அவர் விருப்பப்படி உடல் மருத்துவக் கல்விக்கு அளிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் சீதாராம் யெச்சூரியின் உடலும் அவ்வாறே தில்லியின் அகில இந்திய மருத்துவ நிலையத்துக்கு அளிக்கப்பட்டது. மோட்சம் தேடவில்லை அவர்கள், மாணவருக்குப் பாடமாயினர்.

தமிழ்நாட்டில், 2008 முதல், இறந்தவரின் உறுப்புகளைப் பெற்றுப் பொருத்தும் பணி ஒழுங்குபெற்று நடந்து வருகிறது. 2023 செப்டம்பரில், உறுப்புக் கொடை அளிப்போரின் இறுதி நிகழ்ச்சி அரசு மரியாதையோடு நடைபெறும் என்று தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. எண்ணிப் பாருங்கள்! மன்னருக்கும் அமைச்சருக்கும் மட்டுமே உரியதாயிருந்த மரியாதை, உறுப்பு ஈந்த உழவருக்கும் ஓட்டுநருக்கும் கிடைக்கிறது. பிறப்பாலன்று, பதவியாலன்று, கொடையால் வந்த மரியாதை அது.

"அழுது நிற்கும் வீட்டாரிடம் போய்ப் பிணத்தைக் கொடு என்று கேட்பதா?" என்பர் சிலர். கேட்கக்கூடாது என்பதுதான் நம் கருத்தும். அந்த வேளையிலே கேட்கும் நிலை வராதிருக்க, உயிரோடிருக்கும்போதே நாம் சொல்லி வைக்க வேண்டும். நாம் கையெழுத்திட்டாலும், இறந்த பின் உடல் உறவினர் பொறுப்பிலேயே இருக்கும்; அவர் இசைவின்றிக் கொடை நிறைவேறாது. ஆகவே, மேடையிலே முழங்குவதோடு நில்லாமல், அம்மாவிடம் அடுப்பங்கரையில் அமர்ந்து பேச வேண்டும். அப்பா சினம் கொள்வார், பாட்டி அழுவார், "நல்ல நாளும் அதுவுமாய் என்ன பேச்சு?" என்று அக்கா வாயை மூடுவார். பொறுமையாகப் பேச வேண்டும். அவர்களில் ஒருவர், "எனக்கு அது வேண்டாமப்பா, என்னை மண்ணிலேயே வை" என்றால், அந்தச் சொல்லையும் மதித்து நிறைவேற்ற வேண்டும். இசைவு என்பது நமக்கு மட்டும் உரிய நீதியன்று.

இளைஞர்களே! உங்கள் ஊரில் இடுகாட்டுக்குப் போகும் பாதை எல்லோருக்கும் பொதுவா என்று இந்த வாரமே சென்று பாருங்கள். குழி தோண்டும் தோழரை அவர் பெயர் சொல்லி அழைத்து, பக்கத்தில் அமர்ந்து தேநீர் அருந்துங்கள். உங்கள் கண்களைப் பற்றி வீட்டிலே இன்றிரவே பேசுங்கள். திபெத்தின் கழுகுகளைப் பற்றிய வியப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.